பாட்டு கேட்கவே தோன்றவில்லை, கீபோர்டை விற்றுவிடலாமா?

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 46. சொந்த ஊர் பள்ளத்தூர். காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் அப்பச்சி (என் அப்பா), ஆத்தா (அம்மா), மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வீட்டில் சண்டை சச்சரவும் இல்லை. அதனால் இதை எழுதவே தயக்கமாக இருந்தது. எனக்குப் பாட்டு கேட்கத் தோன்றுவதே இல்லை. பல வருடங்களாக இப்படித்தான் இருந்திருக்கிறது போல. சமீபத்தில்தான் அது எனக்கே உறைத்தது.

ஒரு காலத்தில் பாட்டு இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அழகப்பா கல்லூரியில் படித்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், நண்பர்கள் சேர்ந்து ஓர் இன்னிசைக் குழு வைத்திருந்தோம். நான் கீபோர்டு. முதலில் ஒரு சின்ன கேசியோ, அப்புறம் அப்பச்சிக்குத் தெரியாமல் ஆத்தாவிடம் பணம் வாங்கி ஒரு யமஹா. கண்டனூர், புதுவயல், கோட்டையூர் என்று சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோவிலில் திருவிழா என்றாலும் கூப்பிட்டால் போய்விடுவோம். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கும் நாட்களில் காரைக்குடியே தூங்காது, நாங்களும் தூங்க மாட்டோம்.

நோட்ஸ் எழுதிக் கொடுக்க எங்களுக்கு ஆள் கிடையாது. டேப் ரெக்கார்டரில் ஒரு பிஜிஎம் பிட்டைப் போடுவேன், நிறுத்துவேன், ரீவைண்ட் செய்து மறுபடி போடுவேன். காதால் கேட்டுத்தான் ஒவ்வொரு ஸ்வரமாக எழுதி எடுக்க வேண்டும். பேட்டரி இறங்கினால் பாட்டின் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும். அது தெரியாமல் எழுதிக்கொண்டு போய், ஒத்திகையில் எல்லோரும் ஒரு சுருதியில் இருக்க நான் மட்டும் வேறு சுருதியில் நின்றதெல்லாம் உண்டு. திரும்ப வந்து முழுவதையும் மாற்றி எழுதுவேன். அலுப்பே தெரியாது. கச்சேரி முடிய ராத்திரி இரண்டு மணி ஆகும். கடைசி பஸ் போயிருக்கும். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு, அன்றைக்கு எந்தப் பாட்டு நன்றாக வந்தது, எங்கே தாளம் தப்பியது என்று விடியும்வரை பேசுவோம்.

அப்புறம் கல்யாணம், கடை, பிள்ளைகள். குழுவில் ஒருவன் சிங்கப்பூர் போனான், ஒருவன் திருப்பூருக்கு. ரிதம் பேடு வாசித்தவன் சென்னையில் இருக்கிறான், தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பச்சிக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன, பேச்சு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, வார்த்தை வாய்க்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு வரும் கோபத்தைப் பார்க்க முடியாது. காலையில் அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போனால், சரக்கு, பாக்கி வசூல், ஜிஎஸ்டி, பேங்க் லோன் என்று இரவு ஒன்பதரை வரை ஓடும். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் எதுவும் போடுவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா ஓட்டிக்கொண்டு வருவேன். போனில் பாட்டு ஆப் இருக்கிறது. எப்போதாவது திறப்பேன், ஒரு பாட்டு பத்து நொடி, அடுத்தது பத்து நொடி, அவ்வளவுதான், மூடிவிடுவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு போட்டிருந்தாள். வரிகள் ஒன்றும் புரியவில்லை, கீச்சென்று தலைக்குள் குத்தியது. "நிப்பாட்டும்மா, காது வலிக்குது" என்றேன். அவள் நிறுத்திவிட்டு, "உங்களுக்குப் பாட்டுன்னாலே பிடிக்காதாப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மனைவி சிரித்துக்கொண்டே, "உங்க அப்பா யாருன்னு நினைச்சே, கீபோர்டு பிளேயர்டி" என்றாள். மகளுக்கு அது செய்தி. பெட்டகத்துக்கு மேல் உறை போட்டு இருக்கும் அந்த நீளமான பெட்டி என்ன என்று அவள் இத்தனை வருடம் கேட்டதும் இல்லை, நான் இறக்கிக் காட்டியதும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அந்த வார்த்தைகள் அப்பச்சியுடையவை. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எங்கள் பக்கம் இலங்கை வானொலி தெளிவாக எடுக்கும். அப்பச்சி செய்தி மட்டும் கேட்பார். பாட்டு ஆரம்பித்ததும் "நிப்பாட்டு, காது வலிக்குது" என்பார். ரசனையே இல்லாத மனிதர் என்று அப்போது அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வரும். இப்போது அவர் இடத்தில் நான் நிற்கிறேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், அதுதான் குழப்புகிறது. இந்தத் தைப்பூசத்துக்குப் பழநி நடைப்பயணத்தில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை உறவினர்களோடு நடந்தேன். கடையை விட்டு அதற்கு மேல் போக முடியவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் பாடிக்கொண்டிருந்தேன். மறுநாள் தொண்டை கட்டிவிட்டது. அதேபோல், கல்யாண வீடுகளில் முன்பெல்லாம் மேளத்தை நான் காதில் வாங்கியதே கிடையாது. இப்போது பந்திக்குக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் நாதஸ்வரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஆக, பாட்டு பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

சர்ச் கொயரில் வாசிக்கும் ஒரு பையன் கீபோர்டை விலைக்குக் கேட்கிறான். தூசி படிந்து கிடப்பதற்கு அவனாவது வாசிக்கட்டும் என்கிறாள் மனைவி. நியாயம்தான். ஆனால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலை ஓடுகிறது. சில இரவுகளில் மட்டும் மூன்று மணிக்கு விழிப்பு வந்து லோன் கணக்கு மனதில் ஓடும். இது மனச்சோர்வா, வயதா, அல்லது எனக்குள் இருந்த ஏதோ ஒன்று வற்றிவிட்டதா?

பெயர் வேண்டாம், பள்ளத்தூர்.

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

கீபோர்டை இப்போது விற்காதீர்கள். சித்திரை கழியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிடுங்கள். அசதியாக இருக்கும்போது பிரியமான பொருளைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வேன். மகளுக்குப் பொதுத்தேர்வு, கடைக்கு மார்ச் கணக்கு, வீட்டில் அப்பச்சி. உங்களுக்கு இப்போது இருக்கும் அசதி சின்ன அசதி கிடையாது.

மனச்சோர்வா என்று கேட்டிருக்கிறீர்கள். மனச்சோர்வில் பாட்டு மட்டும் தனியாக ருசி கெட்டுப் போகாது. சாப்பாடு, மனிதர்கள், பிள்ளைகள், முன்பு ஆசையாகச் செய்த வேலை எல்லாமே சேர்ந்து மங்கும். அப்படி அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் தொண்டை கட்டும்வரை பாடியிருக்கிறீர்கள், பந்தியை விட்டுவிட்டு நாதஸ்வரம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் மனச்சோர்வு தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று மணி விழிப்பை நான் லேசாக விட மாட்டேன். இப்போது சில இரவுகள் என்கிறீர்கள். அது வாரத்தில் பாதி நாள் என்று ஆனாலோ, காலையில் எழுந்திருக்கவே மனம் இல்லை என்று ஆனாலோ மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பாட்டில் இன்பமே காணாதவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்மையிலேயே இருக்கிறது. பார்சிலோனாவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிப்பட்டவர்களைப் பற்றியது. பணம் ஜெயித்தால் அவர்கள் மனம் துள்ளுகிறது, பாட்டுக்கு மட்டும் அசைவதில்லை. உடம்பிலும் மனதிலும் எந்தக் கோளாறும் இல்லாதவர்கள். சிங்கம்புணரி வரை பாடிக்கொண்டு போனவர் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்.

உங்களுக்கு நடந்திருப்பது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். இருபது வயதில் பாட்டுக்கு உங்களிடம் நிறைய வேலை இருந்தது. நான் யார் என்று ஊருக்குக் காட்ட வேண்டும், அதற்குப் பாட்டு. அப்பச்சியின் உலகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், அதற்கும் பாட்டு. நண்பர்களோடு விடியும்வரை உட்கார ஒரு காரணம் வேண்டும், அதற்கும் அதுதான். இன்றைக்கு நீங்கள் யார் என்று கல்லுக்கட்டியில் எல்லோருக்கும் தெரியும். விடியும்வரை உட்கார ஆட்கள் ஊரில் இல்லை. அந்த வேலைகள் முடிந்துவிட்டதால் பாட்டு உங்கள் நாளில் இடம் இல்லாமல் நிற்கிறது. உங்கள் ரசிக்கும் சக்தியைப் பற்றி இதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

உங்கள் வயதில் பலருக்கும் இதுதான் நடக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். விடலைப் பருவத்தில் உச்சத்தில் இருக்கும் பாட்டின் முக்கியத்துவம் நடுவயதில் இறங்குகிறது, கேட்கும் நேரமும் குறைகிறது. பிடிக்கும் பாட்டின் தன்மையும் மாறுகிறது. சிறு வயதில் வேகமும் ஆவேசமும் உள்ள இசை, நடுவயதில் நிதானமானது, அடுக்கடுக்காக விரிவது. நீங்கள் நாதஸ்வரத்துக்கு உட்கார்ந்ததை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் 1989இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒருவருக்குச் சுமார் 24 வயது இருக்கும்போது பிரபலமாக இருந்த பாட்டுகளையே பிற்காலத்தில் அவர் அதிகம் விரும்புவதாகத் தெரிந்தது. உங்கள் மகளின் பாட்டு உங்களுக்குப் பிடிபடாததில் ஆச்சரியம் இல்லை. அப்பச்சிக்கு உங்கள் பாட்டு பிடிபடாததிலும் இல்லை.

ஆனால் வயது என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த டேப் ரெக்கார்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு பிட்டை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதியவர் நீங்கள். கனடாவில் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். பிடித்த பாட்டில் நமக்குச் சிலிர்க்கும் இடம் வருமே, அந்த இடம் வரும்போது மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரக்கிறது. அது இருக்கட்டும், அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும் சில நொடிகளிலேயே சுரக்க ஆரம்பித்துவிடுகிறதாம். எங்கே என்ன வரும் என்று தெரிந்தால்தானே காத்திருக்க முடியும்? கையில் நாலு கேசட் இருந்த காலத்தில், வேறு வழியில்லாமல், ஒவ்வொரு பாட்டும் நமக்கு அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது. இப்போது பத்து நொடிக்கு ஒரு பாட்டு மாற்றினால் எந்தப் பாட்டுக்காகவும் மனம் காத்திருக்காது. இதில் உங்கள் வயதைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, இருபது வயதுப் பிள்ளைகளும் இப்படித்தான் தவிக்கிறார்கள். ஆப்பில் தேடுவதை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வாரம் அதையே கேளுங்கள். முதல் இரண்டு நாள் ஒன்றும் தோன்றாது. பரவாயில்லை.

காரில் மௌனமாக வருவதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். பகல் முழுக்க விலை கேட்கும் குரல், போன், லாரி ஹாரன் என்று காது நிறைந்து போய் வருகிறீர்கள். வீட்டுக்குப் போனால் அப்பச்சி சொல்ல முயலும் வார்த்தையைக் கூர்ந்து கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்பது வயது ஏற ஏற மூளைக்குக் கூடுதல் உழைப்பு. இடையில் கிடைக்கும் அந்த அரைமணி நேர மௌனம் உங்களுக்கு ஓய்வு. அதைப் பாட்டு போட்டு நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை.

நடைப்பயணத்தில் உங்களை வாய் திறக்க வைத்தது எது என்றும் யோசித்தேன். அங்கே யாரும் உங்களை மதிப்பிடவில்லை. ஸ்பீக்கர் இல்லை, கையில் போன் இல்லை, கடை இல்லை, கூட நடப்பவர்களின் குரல் இருந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2015இல் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த வகுப்புகளில், கைவேலை கற்கச் சேர்ந்தவர்களையும் எழுதக் கற்கச் சேர்ந்தவர்களையும்விட, சேர்ந்து பாடியவர்கள் சீக்கிரமாக ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார்களாம். உங்களுக்கு இது புதுச் செய்தியே இல்லை, இருபது வயதிலும் நீங்கள் தனியாக வாசித்த ஆள் கிடையாதே. நீங்கள் இழந்தது பாட்டை என்பதைவிட, கூட்டத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. சிங்கப்பூர்காரருக்கும் திருப்பூர்காரருக்கும் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் வாழ்த்து போதாது, குரல் வேண்டும்.

இசையோடு வாழ்நாள் முழுவதும் இருந்தவர்களுக்கும் வயதோடு அதன் இடம் மாறத்தான் செய்கிறது. உங்கள் பக்கத்துப் பெயரையே சொல்கிறேன். காரைக்குடி வீணை சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசிப்பார். இருவரும் சேர்ந்து கச்சேரி மேடைகளில் பெரும் புகழ் பெற்றவர்கள். அந்தச் சாம்பசிவ ஐயர் பிற்காலத்தில் சென்னை கலாக்ஷேத்திராவில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராக இருந்தார். 1952இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வந்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அண்ணனோடு மேடையில் உட்கார்ந்த வாழ்க்கை ஒன்று, மாணவர் எதிரில் உட்கார்ந்த வாழ்க்கை வேறொன்று.

இப்போது அப்பச்சிக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

இலங்கை வானொலியை நிறுத்திய அந்த மனிதருக்கு அப்போது ஏறத்தாழ உங்கள் வயது இருந்திருக்கும். அவர் தலைக்குள்ளும் ஏதோ கணக்கு ஓடியிருக்கும். அவருக்கு இருபது வயதில் என்ன பாட்டு பிடித்தது என்று உங்களுக்குத் தெரியுமா? ஆத்தாவிடம் கேளுங்கள். ஆத்தாவுக்குத் தெரியும். தேவாரமோ திருப்புகழோ, நடைப்பயணத்தில் பாடும் முருகன் பாட்டோ, கொட்டகையில் பார்த்த பழைய படத்தின் பாட்டோ, ஏதாவது ஒன்று இருக்கும்.

காரணத்தோடுதான் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கிறது. பாடுவதில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் சிலருக்கு, பேச வராத வார்த்தை பழகிய பாட்டுக்குள் வந்துவிடும். இதை வைத்தே ராகம் போட்டுப் பேசவைக்கும் சிகிச்சை முறை ஒன்று 1970களிலிருந்து இருக்கிறது. பின்லாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்தவர்கள் தமக்குப் பிடித்த பாட்டைத் தினமும் ஒரு மணி நேரமாவது இரண்டு மாதம் கேட்டபோது, கேட்காதவர்களைவிட அவர்களுக்கு வார்த்தை நினைவும் கவனமும் நன்றாகத் திரும்பின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. அந்தப் பலன் பக்கவாதம் வந்த உடனே தொடங்கியவர்களிடம் கண்டது. அப்பச்சிக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, அதே அளவுக்குக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் முயற்சி செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சி தருபவர் இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள், எப்படித் தொடங்குவது என்று அவரே காட்டுவார். வார்த்தை வராதபோது பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த மட்டும் கூடாது, அவருக்கு இருக்கும் கோபத்தோடு அதுவும் சேர்ந்துவிடும். நீங்கள் பாடுங்கள், அவர் சும்மா இருந்தாலும் சரி, வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள்.

கீபோர்டை இறக்குவதாக இருந்தால் இதற்காக இறக்குங்கள். பழைய பிஜிஎம் பிட்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். விரல் அந்த வேகத்துக்கு வராது, வராதபோது மனம் கசந்துவிடும், மறுபடி உறைக்குள் போய்விடும். அப்பச்சி எந்தக் கட்டையில் முனகுகிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பேட்டரி இறங்கிய டேப்பைக் கேட்டு எழுதிய காதுக்கு இது பெரிய வேலை இல்லை. அவர் சுருதிக்குக் கீபோர்டை மாற்றி (டிரான்ஸ்போஸ்) வைத்துக்கொண்டு, ஷட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மட்டும் பிடித்தால் போதும். இவ்வளவு வருடம் சும்மா கிடந்ததால் சில கீகள் அழுத்தினாலும் ஒலிக்காமல் இருக்கலாம், அடாப்டர் போயிருக்கலாம். உள்ளே தூசி தட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், காரைக்குடியிலோ மதுரையிலோ ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்குங்கள். அப்புறம் அதைத் திரும்பப் பெட்டகத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். அப்பச்சி கட்டிலுக்குப் பக்கத்தில், ப்ளக் போட்டபடி, ஸ்டாண்டில் நிற்கட்டும். ஏணி போட்டு இறக்க வேண்டிய பொருளை இரவு ஒன்பதரைக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும், சித்திரை கழிந்தும் அந்தக் கீபோர்டைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்றால் தாராளமாகக் கொயர் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் எந்தத் துரோகமும் கிடையாது. வாசிப்பை விட்டுவிட்டு நல்ல ரசிகராக மட்டும் இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

மகளிடம் இன்றைக்கே ஒன்றைச் சொல்லலாம். "உன் பாட்டு பிடிக்கலைன்னு இல்லம்மா, எனக்கு அது இன்னும் பழகலை" என்று. தேர்வு நேரத்தில் அவளுக்கும் பாட்டுதான் மூச்சு விடும் இடமாக இருக்கும், உங்களுக்கு அந்த வயதில் இருந்த மாதிரி. ஸ்பீக்கருக்குப் பதில் ஹெட்போன் போடச் சொல்கிறோம் என்று அவளை ஒரேயடியாகத் தனி அறைக்குள் தள்ளிவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் அவள் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு எது என்று கேட்டு, அதன் பிஜிஎம்மை அவள் எதிரிலேயே காதால் கேட்டு எழுதிப் பாருங்கள். வரிகள் புரியாவிட்டால் என்ன, உங்களுக்கு அது எப்போதுமே இரண்டாவதுதானே.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப் போடாதீர்கள். வரிகள் புரியவில்லை, கீச்சென்று குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இளவயதில் திருவிழா மேடையில், பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் பல இரவுகள் நின்றவர் நீங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபல் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். திருவிழா மேடை அதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்படி அடிபட்ட காது முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் இழக்கும், அதோடு வார்த்தைகளின் தெளிவும் போகும். மெதுவான ஒலி கேட்காது, கொஞ்சம் கூட்டினால் சட்டென்று தாங்க முடியாமல் போகும். உங்களுக்கு ரசனை மாறிவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு வெறும் காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வலிக்காது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கிறதா என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்பச்சியை அடுத்த முறை பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது அவருடைய காதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆலோசகர்